மருந்தும் அறமும்: கறவை மாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

பிறர்க்குரிய பொருளை அவரறியாது கவர்தல் களவு என்பதனைச் சிறுவரும் அறிவர். பொருளுக்கு உடையவன் ஒருவன் உளன். அவன் நம் கண்ணெதிரே நிற்கின்றான். இழந்து அவன் வருந்துதலையும் நாம் காண்கின்றோம். ஆதலின் அது தீதென்பதில் எவர்க்கும் ஐயம் நிகழ்வதில்லை. ஆயின், உடையவன் இன்னான் என்று அறியப்படாத ஒரு பொருள் உளதாயின், அதனை வீணே அழித்தலும் களவாகுமோ? அப்பொருளால் உயிர் பிழைக்கவேண்டியவன் இன்னும் பிறவாதவனாயின், அவனுக்கும் நாம் கடன்பட்டவர் ஆவோமோ? இவை வெறுந் தருக்கம் பற்றி எழுந்த வினாக்கள் அல்ல. எம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் விடியற்காலையில், பால் கறக்கும் வேளையிலே எழுகின்ற வினாக்கள். அங்ஙனம் எழுகின்றன என்பதை யானும் நெடுநாள் அறிந்திலேன். மாணவன் ஒருவனே எனக்கு அறிவித்தான்.

எம் பள்ளிக்கு அணித்தாயுள்ள சிவன் கோயிலில் பிரதோஷந்தோறும் நந்தியெம்பெருமானுக்குப் பாலபிடேகம் நிகழும். லயன் வீடுகளில் மாடு வைத்திருப்போர் தத்தமக்கு இயன்ற அளவு பால் கொணர்வர். அபிடேகம் ஆனபின் அப்பாலைச் சிறு பிள்ளைகளுக்குப் பிரசாதமாக வார்ப்பது எங்கள் வழக்கம். வார்ப்பவன் பெரும்பாலும் யானே. ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் வழக்கத்திற்கு மாறாக ஒரு வாளி நிறையப் பால் சுமந்து வந்தான். “இவ்வளவு பாலையும் கோயிலுக்கே கொடுத்துவிட்டால் வீட்டுக்கு என் செய்வீர்கள், தம்பி?” என்றேன். அவன் சிறிதும் கள்ளமின்றி, “மாட்டுக்கு மடிநோய் சார், ஊசி போட்டிருக்கு. பால் எடுக்கிறவங்க நாலு நாளைக்கு எடுக்க மாட்டாங்க. கீழே ஊத்துறது பாவம், சாமிக்காவது கொண்டுபோய்க் கொடுன்னு அம்மா சொன்னாங்க” என்றான்.

அவ்விடை என்னைத் திகைக்கச் செய்தது. அத்தாயின் உள்ளம் தூயது. பாலைத் தரையிற் கொட்டுதல் பாவம் என்று அஞ்சிய உள்ளம் அது. ஆயினும், விற்பனைக்கு ஆகாதென்று விலக்கப்பட்ட பொருள் இறைவனுக்கு ஆகும் என்று கொள்ளப்பட்டது. இறைவன் திருமுன்னிருந்து அது குழந்தைகளின் வயிற்றுக்குச் செல்ல இருந்தது. இதற்குமுன் எத்தனை பிரதோஷங்களில் அத்தகைய பாலை யானே என் கையால் வார்த்தேனோ, அறியேன். அன்று தொடங்கி யான் கேட்டும் கற்றும் எண்ணியும் அறிந்தவற்றை, என்போன்ற ஆசிரிய அன்பர்கள் முன் ஈண்டு வைக்கின்றேன்.

முதற்கண் இம்மருந்தின் இயல்பை நோக்குவாம். நுண்ணுயிர்க்கொல்லி என்று நூலோரும், அன்டிபயோட்டிக் என்று பொதுமக்களும் வழங்கும் மருந்து வகையில் முதன்மை பெற்ற பெனிசிலினை அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர் 1928 ஆம் ஆண்டில் கண்டார். பாதிரிமார் நிறுவிய பள்ளியொன்றில் யான் பயின்ற காலத்து, விஞ்ஞான ஆசிரியர் பழைய ரொட்டித் துண்டொன்றிற் பூத்த பூஞ்சணத்தைக் காட்டி, “இவ்வினத்துப் பூஞ்சணம் ஒன்று இலட்சக்கணக்கானோர் உயிரைக் காத்தது” என்று கூறியது இன்றும் நினைவில் உளது. அவர் கூறாது விட்ட ஒன்றைப் பின்னரே கற்றேன். 1945 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒருவன் தொண்டை நோவுக்குப் பெனிசிலினைக் குறைந்த அளவில் உட்கொள்கின்றான். கிருமிகள் சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகுகின்றன. அவை அவன் மனைவியைப் பற்றுகின்றன. அவளுக்கு அதே மருந்தைக் கொடுக்க, அது பயன்படாமையால் அவள் இறக்கின்றாள். இங்ஙனம் ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறி, அவள் இறப்புக்குப் பொறுப்பாளி யார் என்று வினவி, மருந்தைக் கவனமின்றிக் கையாண்ட கணவனே என்று அவரே விடையும் இறுத்தார். மருந்து கண்டவரே அதனோடு சேர்த்து அறவினாவையும் உலகிற்கு அளித்தார் என்பது சிந்திக்கத் தக்கது.

கிருமிகள் யாங்ஙனம் பழகுகின்றன? கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுள் ஒருசில இயல்பிலேயே மருந்தைத் தாங்கும் மாறுதல் உடையனவாய்த் தோன்றும். மருந்து ஏனையவற்றைக் கொல்ல, இவை எஞ்சிப் பெருகும். களை கொல்லும் நஞ்சைத் தெளித்த நிலத்தில் நஞ்சுக்கு அடங்காத களையே பின்னர் நிலம் முழுதும் பரத்தல் போல்வது இது. அன்றியும், தாங்கும் ஆற்றலைத் தன் வழித்தோன்றல்களுக்கு அளிப்பதோடு அமையாது, அயலினத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும் இயல்பு நுண்ணுயிர்களுக்கு உண்டு. ஆகவே, மாட்டின் குடலில் வாழும் தீங்கற்ற கிருமி பெற்ற ஆற்றல், நாளை மனிதனுக்கு நோய் செய்யும் கிருமிக்கும் செல்லக்கூடும்.

இனி, மனிதர்க்கென்று தேடிய மருந்து விலங்கின் தீவனத்துட் புகுந்த வரலாறு வருமாறு. ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பராவ் என்னும் அறிஞர், லெடர்லே ஆராய்ச்சிச் சாலையின் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கினார். அவர் தலைமையில் அங்கே பெஞ்சமின் டக்கர் என்பவர் ஓரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். அது 1948 இல் உலகிற்கு வெளியிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சுப்பராவ் காலமானார். அதன்பின், அம்மருந்து வடித்தெடுத்த எச்சத்தை உண்ட கோழிக்குஞ்சுகள் விரைந்து பருத்தலை அச்சாலையைச் சேர்ந்த ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இருவர் கண்டனர். 1950 இல் அச்செய்தி பரவிற்று. அன்றுமுதல் கோழி, பன்றி, கன்று ஆகியவற்றின் தீவனத்தில், நோய் யாதும் இல்லாதபோதே, இம்மருந்துகளைச் சிறுகச் சிறுகக் கலந்து ஊட்டும் வழக்கம் நாடுகள்தோறும் வேரூன்றியது. நோய் தீர்க்கும் பொருள் எடை கூட்டும் பொருளாயிற்று. பிளெமிங் அஞ்சிய குறைந்த அளவே இங்கு முறையாக வகுக்கப்பட்டது என்பதனை அன்பர்கள் நோக்குக.

இதன் விளைவு விரைவிற் புலனாயிற்று. அமெரிக்காவில் ஸ்டுவர்ட் லெவி என்னும் மருத்துவர் ஒரு பண்ணையிலே கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுத்துச் சோதித்து, அதன் முடிபை 1976 இல் வெளியிட்டார். கோழிகளின் குடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் சில நாட்களில் மிகுந்தன. சில மாதங்களில் அம்மருந்தை உண்ணாத பண்ணைக் குடும்பத்தார் குடலிலும் அத்தகைய கிருமிகள் காணப்பட்டன. பின்னர், 2015 ஆம் ஆண்டில், ஏனைய மருந்துகள் பயனற்றவிடத்து இறுதியாக நாடப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்தையும் தாங்கும் ஆற்றல், ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதிற் கைமாறும் வடிவிலே, சீன நாட்டுப் பன்றிகளிடத்தும் இறைச்சியிடத்தும் நோயாளரிடத்தும் காணப்பட்டமை அறிவிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை நேர்க்காரணமாகக் கொண்டு உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022 இல் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. இவ்விறப்புக்கள் யாவும் கால்நடையால் நேர்ந்தன என்று கூறுதல் பொருந்தாது. மனிதர் தாமே இம்மருந்துகளை வேண்டாவிடத்து உண்ணலும் பெருங் காரணமே. ஆயினும் கால்நடைகளுக்கும் இதிற் பங்கு உண்டு என்பது அறிஞர் கருத்து.

எம் தோட்டத்து மாடு இப்பெருங் கதையில் எவ்விடத்தில் நிற்கின்றது? லயனுக்குப் பின்புறம் தகரக் கொட்டிலிற் கட்டிய ஒன்றிரண்டு மாடுகளே எம் மக்களின் செல்வம். கொழுந்து கொய்து திரும்பும் தாய் ஓடையோரத்துப் புல்லை அறுத்துத் தலைச்சுமையாகக் கொணர்ந்து ஊட்டுகின்றாள். எடை கூட்டும் பொருட்டு மருந்தூட்டும் பெருவழக்கம் இங்கில்லை. இங்கு நேரும் பிழை வேறு வகையானது. மாட்டுக்கு மடிநோய் கண்டால், கால்நடை வைத்தியர் வருமுன்னரே, முன்னொருகால் எஞ்சிய மருந்தையோ அயலார் கொடுத்த மருந்தையோ காம்பின் வழியே ஏற்றுகின்றனர். வீக்கம் சற்றுத் தணிந்தவுடன் நிறுத்திவிடுகின்றனர். மருந்தேற்றிய மாட்டின் பாலை இத்தனை நாள் விலக்கவேண்டும் என்று மருந்துறையிலே குறித்திருக்கும். அக்குறிப்பு அவர்கள் படித்தறியாத மொழியில் இருத்தலும் உண்டு. விலக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுகின்றனர். அல்லது வீட்டில் அருந்துகின்றனர். அல்லது, யான் கண்டபடி, கோயிலுக்கு அளிக்கின்றனர்.

இப்பாலால் விளையும் கேடு இருவகைத்து. ஒன்று, பாலில் எஞ்சிய மருந்து. காய்ச்சுதலால் அது முற்றும் அழிவதில்லை. பெனிசிலின் ஒவ்வாத உடம்பினர்க்கு அது நேரே தீங்கு செய்யக்கூடும். உறையிட்டால் தயிர் நன்கு தோயாமையும் அதன் செயலே, தயிராக்கும் நல்ல நுண்ணுயிரையும் அது கொல்லுதலின். மற்றொன்று, அப்பாலை உண்ட கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுதல். முன்னையது உண்டவனோடு அமைவது. பின்னையது உண்ணாதவனையும் தொடர்வது.

“யாம் ஊன் உண்ணாத சைவர், கோழிப் பண்ணையார் செய்யும் பிழை எம்மைச் சாராது” என்பாரும் உளர். அவர்கள் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களைச் சென்று காண்க. லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அந்நிலங்களுக்குத் தாழ்நாட்டுக் கோழிப் பண்ணைகளின் எரு லொறி லொறியாக வந்து சேர்கின்றது. கோழிக்கு ஊட்டிய மருந்தில் ஒரு பகுதி எச்சத்தோடு வெளிப்படும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உடன் வரும். கிருமி, உண்பவன் சைவனோ அசைவனோ என்று வினவுவதில்லை. நீரின் வழியையும் எண்ணுக. எம் மலைகளிற் பிறக்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. அதன் நீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திசெய்து கொழும்பு மாநகர் பருகுகின்றது. கொத்மலை ஓயா மகாவலியோடு கலந்து உலர்வலயத்து வயல்களை நோக்கிச் செல்கின்றது. யாம் நாட்டின் உச்சியில் வாழ்கின்றோம். உச்சியில் வாழ்வோன் ஓடையில் இடும் பொருள் எதுவாயினும் கீழுள்ளோரை நோக்கியே செல்லும். மேலிடத்து வாழ்தல் பெருமை தருவதன்று, கடமை தருவது.

இனி அறவினாவிற்கு வருவாம். மருந்தின் ஆற்றல் எவர்க்கும் தனியுரிமையாகாத பொதுப்பொருள். ஊர்க் குளம் போல்வது அது. குளத்து நீரை முகந்து பருகலாம். தேவைக்கு அதிகமாக இறைத்தலும் அழுக்குக் கலத்தலும் ஆகா. ஆயின் குளத்திற் செய்த கேடு அவ்வூரார்க்கே அவ்வாண்டே தெரியும். மருந்திற் செய்த கேடோ, செய்தவனுக்குத் தெரியாது. பயன் அவன் கைக்கு இன்றே வரும். துன்பம் அறியா ஊரில் அறியா ஒருவனுக்கு என்றோ சேரும். இவ்விடத்திற் பலவாறு தடை எழுப்பலாம். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

“யான் அறியாது செய்தேன், ஆதலின் குற்றமில்லை” எனின், அறியாமை குற்றத்தின் வன்மையைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆயின் அறியக்கூடியதை அறிய முயலாமையும் ஒரு செயலே. கால்நடை வைத்தியர் அலுவலகம் அணித்தே இருக்க, அவரை வினவாது மருந்தேற்றுபவன் தன் அறியாமையைத் தானே காத்துக்கொள்கின்றான். திருவள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்னும் முறையை நிறுவினார். அம்முறை மாட்டுக்கும் உரியதே.

“யான் ஏற்றியது ஒரு சிறு குழாய் மருந்து, உலகில் நிகழும் பெருங் கேட்டிற்கு என் பங்கு அணுவளவும் இல்லை” எனின், இத்தடை வலியுடையது போலத் தோன்றும். ஆயினும், பலர் கூடி ஒரு தேர்வடம் பற்றி இழுக்குமிடத்துத் தேரை இழுத்தவர் யார்? ஒவ்வொருவரும் தாம் இழுத்ததாகவே கூறி மகிழ்கின்றனர். ஒருவர் கைவிட்டாலும் தேர் நகரும் என்பதுபற்றி எவரும் புண்ணியத்தை மறுத்துரைப்பதில்லை. நல்வினையிற் பங்கு கோருபவன் தீவினையில் மட்டும் பங்கை மறுத்தல் முறையாகாது.

மூன்றாவது தடை எம் சமயத்தின் பெயரால் எழுப்பப்படுவது. ஆதலின் அதனை ஆழ்ந்து நோக்கவேண்டும். “நோயுற்றவன் தன் முன்வினைப் பயனை நுகர்கின்றான். அவன் மருந்து பயன்படாது இறத்தல் அவன் பிராரத்தம். அதற்கு யான் பொறுப்பாளி ஆவது யாங்ஙனம்?” என்பது அது. இங்ஙனம் கூறுவாரை யான் நேரிற் கண்டுளேன். அற்றன்று. பிறன் வினைப்பயனைப் பிறனுக்கு ஊட்டுபவன் இறைவன். அத்தொழில் எமக்கு அளிக்கப்பட்டதன்று. யாம் விருப்பினாலோ மடியினாலோ ஆசையினாலோ செய்யும் செயல் எமக்குப் புதிய வினையாகிய ஆகாமியமாய்த் தொகும். அவன் துன்பம் அவன் கணக்கிற் கழிதல் எம் கணக்கில் ஏறுதலைத் தடுக்காது. இத்தடை மெய்யாயின், கொலைஞனும் “இவன் விதி முடிந்தது, யான் கருவியே” என்று கூறித் தப்புவன். மருத்துவனும் “அவன் வினையை யான் ஏன் தடுக்கவேண்டும்” என்று வாளாவிருப்பன். அறம் என்னும் சொல்லே பொருளற்றதாய்விடும். வினைக்கொள்கை நம்மை விழிப்பிக்க வந்தது. நாம் உறங்குதற்குத் தலையணையாக வந்ததன்று.

நான்காவது தடை தத்துவம் பற்றியதன்று, வயிறு பற்றியது. “நான்கு நாட் பாலைக் கொட்டிவிட்டால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அரிசிக்கும் என் செய்வது?” என்று அத்தாய் வினவினால், யாம் என் விடை கூறுவோம்? மேற்கூறிய மூன்று தடைகளுக்கும் விடை கண்ட என் நா இதன்முன் தயங்கிற்று. நாட்கூலியில் வாழ்பவளிடம் உலகத்தின் நலத்தைக் காட்டி, அதன் விலை முழுவதையும் நீயே கொடு என்று கூறுதல் அறமாகாது. பயன் பலர்க்காயின் சுமையும் பலர்க்கே உரியது. நல்ல பாலை வேண்டி வாங்குவோரும், சேகரித்து விற்கும் நிறுவனங்களும், அரசும், ஊராரும் அவ்விழப்பிற் பங்குகொள்ளுதல் வேண்டும். அங்ஙனம் கொள்ளாது அவளை மட்டும் பழித்தல், பசித்தவனைக் கண்டு விரதம் போதித்தலை ஒக்கும்.

இதுகாறும் கூறியவற்றால், மாட்டுக்கு மருந்தே கூடாது என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. நோவாற் கதறும் வாயில்லா உயிரை மருந்தின்றி விடுதல் கொல்லாமைக்கு மாறானது, அது கொடுமை. நோயுற்ற உயிருக்கு உரிய மருந்தை, உரியவர் சொற்படி, உரிய அளவில், உரிய நாள் முழுதும் கொடுத்தலே அறம். நோயில்லாத உயிருக்கு இலாபம் கருதி ஊட்டுதலும், நோயுற்ற உயிருக்கு அரைகுறையாக ஊட்டுதலுமே பிழை. முன்னது ஆசையால் வருவது. பின்னது மடியால் வருவது. கொட்டிலைத் துப்புரவாக வைத்தல், கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தல், முழுதும் கறந்து முடித்தல் என்னும் எளிய ஒழுக்கங்களே மடிநோயைப் பெரிதும் குறைக்கும். மருந்து வேண்டாதபடி வாழ்தலே மருந்தைக் காக்கும் முதல் வழி.

இலாபம் கருதி ஊட்டும் வழக்கத்தை விட்டால் தொழில் அழியும் என்று முன்னர்ப் பலர் அஞ்சினர். சுவீடன் நாடு 1986 இல் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. டென்மார்க் 1990களின் இறுதிக்குள் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஆம் ஆண்டு சனவரி முதலாக விலக்கியது. அந்நாடுகளிற் கால்நடைத் தொழில் அழிந்துவிடவில்லை. இந்திய அரசு 2019 இல் உணவுக்குரிய விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுத்தலைத் தடைசெய்தது. எம் நாட்டிலும் 2017 முதல் 2022 வரைக்கும் இக்கேட்டை எதிர்த்தற்கு ஒரு தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. 2024 இல் ஐக்கிய நாடுகள் சபையிற் கூடிய நாடுகள் 2030 ஆம் ஆண்டுக்குள் இவ்வகை இறப்புக்களைப் பத்திலொரு பங்கு குறைக்க உறுதி பூண்டன. எமக்கோ இஃது இன்னும் நெருங்கிய கவலை. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்ததை மறந்தார் யார்? செல்வநாட்டிற்கு மலிந்த மருந்து பயனற்றதாயின் அருமருந்தை வாங்கிக்கொள்ளும். எம்போன்ற நாட்டிற்கு மலிந்த மருந்தே மருந்து; அதனை இழந்தால் ஏழைக்கு இரண்டாவது வாயில் இல்லை.

சட்டம் பண்ணையை நோக்கும். லயன் கொட்டிலின் வாயிலில் ஒவ்வொரு விடியலிலும் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கு நிற்கவேண்டியது மனச்சான்று. அம்மனச்சான்றை வளர்த்தற்குச் சைவர்க்குத் தனித்ததொரு வாய்ப்பு உண்டு. எம் சாத்திரத்தில் உயிருக்குப் பசு என்றே பெயர். இறைவனுக்குப் பசுபதி என்று பெயர். கொட்டிலில் நிற்பதும் கொட்டிலின் முன் நிற்பதும் ஒரே தலைவனுடைய உடைமைகள். சண்டேசுர நாயனார் வரலாற்றை எண்ணுக. மேய்ப்பவன் பசுவை அடித்தமை கண்டு பொறாது, அந்தணச் சிறுவராகிய அவர் தாமே ஆநிரை மேய்த்தலை மேற்கொண்டார். அன்பால் மேய்க்கப்பட்ட பசுக்கள் தாமே பால் சொரிந்தன. உடையவர்க்கும் குறைவு நேரவில்லை. அப்பாலே மணலால் அமைத்த திருமேனிக்கு அபிடேகமாயிற்று. பசுவைக் காத்தல் முன்னர், பாலபிடேகம் பின்னர் என்னும் வரிசையை அன்பர்கள் நோக்குக. வேறு எவரும் கொள்ளாத பாலை இறைவன் மேற் சொரிதல் அவ்வழிபாட்டின் நிழலும் ஆகாது. இறைவன் பாலுக்கு வறியன் அல்லன். தூய நீர் ஒரு கிண்ணம் அவனுக்குப் போதும்.

இதனை யான் எம் கோயிற் பரிபாலன சபையில் எடுத்துரைத்தேன். மருந்தேற்றிய மாட்டின் பாலை அபிடேகத்திற்கும் பிரசாதத்திற்கும் ஏற்பதில்லை என்பதை அனைவரும் எளிதில் ஒப்பினர். “அங்ஙனமாயின், விலக்கும் நாட்களின் பால்விலையிற் பாதியையேனும் பிரதோஷ நிதியிலிருந்து அவ்வீட்டாருக்குக் கொடுப்போம், பால் வாங்கச் செலவிடும் பணத்தைப் பால் கொட்டச் செலவிடுவோம்” என்று யான் கூறியபோது அமைதி நிலவிற்று. “பத்து மாடு நோயுற்றால் யார் கொடுப்பது?” என்றார் முதியவர் ஒருவர். நேர்மையான வினா அது. ஓராண்டு நடத்திப் பார்ப்போம் என்னும் அளவில் சபை இசைந்தது. அம்மாணவனுடைய வீட்டிற்கே முதன்முதலிற் பணம் சென்றது. அவன் தாய் அதனைப் பெற்றுக்கொண்டு, பாலை ஓடையில் அன்றி, ஓடைக்கு எட்டத்திற் குழிதோண்டி ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண் கலங்கியதாகப் பின்னர் அறிந்தேன். அக்கண்ணீர் எனக்கு வருத்தமும் நம்பிக்கையும் ஒருங்கே தந்தது. பாலைக் கொட்டுதல் பாவம் என்று உணரும் உள்ளமே, பிறர் மருந்தைக் கெடுத்தலும் பாவம் என்பதை உணரவல்லது.

ஆசிரிய அன்பர்காள்! எம் மாணவர் வீடுகளிலேயே மாடுகள் உள்ளன. மருந்துறையில் எழுதியதைப் படித்துத் தாய்க்குச் சொல்லவல்லவர் அவ்வீட்டில் அம்மாணவரே. ஆதலின், எழுத்தறிவித்தலின் பயன் இங்கு உயிர்காத்தலாகவே முடிகின்றது. அச்சுறுத்தாது, பழிக்காது, நான்கு செய்திகளை அவர்க்குக் கற்பித்தல் போதும்: வைத்தியரைக் கேளாது மருந்தேற்றற்க, தொடங்கிய மருந்தை அவர் குறித்த நாள்வரை நிறுத்தற்க, விலக்கிய பாலைக் கன்றுக்கும் பிள்ளைக்கும் கோயிலுக்கும் கொடுக்கற்க, தமக்குக் காய்ச்சல் வந்தவிடத்தும் இவ்விதியையே கடைப்பிடிக்க. இவற்றோடு, சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வழியை அவ்வவ்வூர்ச் சபைகள் தத்தம் நிலைக்கேற்ப நாடுதல் வேண்டும். அது செய்யாது போதனை மட்டும் செய்வோமாயின், எம் சொல் பாதி உண்மையாகவே நிற்கும்.

முதலில் எழுந்த வினாவுக்கு விடை இதுவே: இன்னும் பிறவாதவன் தன் பொருளைக் கேட்டு எம் வாயிலில் வந்து நிற்கமாட்டான், அவன் பொருட்டு நிற்பவர் யாமே. அவன் பங்கைக் காத்து வைத்தல் யாம் அவனுக்குச் செய்யும் கொடை அன்று, கடன். அக்கடனை உணரும் உணர்வை எல்லா உயிர்க்கும் தலைவனாகிய பசுபதி எமக்கு அருள்வானாக.